பின்சீட்டிலிருந்து ஒரு தீர்மானம்

ஜனவரி 1, வியாழன்

நேற்றிரவு ஆராதனையில், பழைய வருடம் முடிவதற்குச் சற்று முன், ஒரு நிமிடம் கண்ணை மூடி அவரவர் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுமாறு போதகர் சொன்னார். சபையில் முக்கால்வாசிப் பேர் தூக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் தீர்மானம் எடுத்தேன்.

என் தீர்மானங்களின் வரலாறு சுருக்கமானது. மூன்று வருடங்களுக்கு முன் பிரெஞ்சு கற்பதாக முடிவு செய்தேன். ஒன்று முதல் பத்து வரை எண்ணுவேன், ஆறு தவிர. அடுத்த வருடம் எடை குறைப்பதாக இருந்தேன். எடை பார்க்கும் கருவியின் பேட்டரி மட்டும் குறைந்தது. சென்ற வருடம் கோபப்படுவதில்லை என்பது தீர்மானம். ஜனவரி இரண்டாம் தேதி காலையிலேயே எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவர் அதை முடித்துவைத்தார்.

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு டிசம்பரில் ஓர் ஊக்கப் பேச்சாளர் வந்தார். இலக்கு சிறியதாக இருக்க வேண்டும், அதற்கு ஒரு தேதி இருக்க வேண்டும், கடைசியில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் எழுத முடிய வேண்டும் என்றார். இதைச் சொல்ல ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அன்றைக்கு அவருடைய இலக்கு அந்த ஒன்றரை மணி நேரமாக இருந்திருக்கும்.

எனவே இந்த ஆண்டு எனக்கு ஒரே இலக்கு. ஸ்கூட்டர் ஓட்டக் கற்று, மார்ச் முடிவதற்குள் லைசன்ஸ் வாங்குவது. வயது ஐம்பத்தொன்று. காரணம் ஒன்றும் இல்லை. ஊக்கப் பேச்சாளர் காரணம் கேட்கவில்லை.

கல்யாணமானதிலிருந்து இருபத்தேழு வருடங்களாக என் கணவர் ஆசீரின் ஸ்கூட்டர் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிறேன். பாளையங்கோட்டையின் இடதுபக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வலதுபக்கம் பற்றி மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆராதனை முடிந்து வழக்கம்போல் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். ஆளுக்கொரு வசனம், வருடம் முழுவதற்கும். ஆசீர் தன் அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ வாசி எமிமா. உன் குரல்ல கேட்டா நல்லாருக்கும்."

இருபத்தேழு வருடம் கழித்து என் குரல் நன்றாக இருப்பது தெரியவந்திருக்கிறது. வீடு திரும்பும்போது எங்களை ஒரு சைக்கிள் முந்திப் போனது. பிறகு ஒரு நாய். நிதானம் நல்லதுதான்.

ஜனவரி 3, சனி

பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கும் செல்வக்கனி என்பவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அதற்குள் இரண்டு முறை தவறான எண்ணுக்குப் போனது.  உற்சாகம்தான்.

"அக்கா, சைக்கிள் ஓட்டுவியளா?"

"எட்டாம் வகுப்புல ஓட்டினேன்."

"அது போதும். போன மாசம் ஒரு ரிட்டயர்டு டீச்சருக்குச் சொல்லிக் குடுத்தேன். இப்ப அவங்கள வீட்ல பிடிச்சு வைக்க முடியல. மருமக எனக்குப் போன் போட்டு ஏசுதா."

ஏசப்படும் அளவுக்கு ஒருவரை ஓடவைத்தவர். வேறு சான்றிதழ் எதற்கு?

ஆசீரிடம், சாயங்காலங்களில் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் புதுப் பாட்டுகள் பழகுகிறோம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், "எதுக்கு? அதான் நான் இருக்கேன்லா" என்பார். அதற்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜனவரி 5, திங்கள்

முதல் வகுப்பு. ஊருக்கு வெளியே ஒரு செம்மண் மைதானம். செல்வக்கனிக்கு முப்பது வயது இருக்கும். குரல் மைதானத்தின் இரண்டு முனைகளையும் தொடுகிறது.

"அக்கா, பிரேக்கப் பிடிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டரத் திருக்கினா வண்டி என்ன செய்யும்? பாவம், அது யாரு பேச்சக் கேக்கும்?"

இருபது அடி ஓடினேன். நேர்மையாகச் சொன்னால் வண்டி ஓடியது, நான் உடன் இருந்தேன். ஆனாலும் இருபது அடி. என்னைத் தவிர முன்னால் யாரும் இல்லை. முன்னால் ஆசீரின் முதுகு இல்லாமல் ஒரு வண்டியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் முறை.

ஜனவரி 9, வெள்ளி

இன்று வலதுபக்கம் திரும்பினேன். வேண்டுமென்றே.

ஜனவரி 12, திங்கள்

பக்கத்து வீட்டு பால்துரை அண்ணன் சுவர் பூச மணல் இறக்கியிருந்தார். ஆசீர் நேராக வண்டியை அதற்குள் விட்டுவிட்டார். காயம் இல்லை. மணல் மெத்தென்று இருந்தது.

"நேத்து இது இங்க இல்லயே!" என்றார் ஆசீர்.

"நேத்து இல்ல. இன்னைக்கு காலைல இறக்குனேன். இவ்வளவு பெரிசாக் கிடக்கு, பாக்கலயா வே?"

"மணல என்னத்துக்கு ரோட்ல தட்டுதீரு? அதச் சொல்லும்."

இருவரும் மாநகராட்சி, ஒப்பந்தக்காரர்கள், நாட்டின் நிலை ஆகியவற்றைப் பேசி நல்லபடியாகப் பிரிந்தார்கள். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து, சென்ற மே மாதம் ஓய்வு பெற்றவர் என் கணவர். ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கம்பம் என்று மனப்பாடம். நேற்று வரை இருந்த எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் விடுமுறை. சாயங்காலம் ஜவுளிக்கடைக்குப் போனோம். வாசலில் நின்ற ஒருவரைப் பார்த்து ஆசீர், "வாங்க தம்பி, அப்பா நல்லாருக்காகளா?" என்று விசாரித்தார். அவர் பதில் சொல்லவில்லை. பட்டு வேட்டியும் கழுத்தில் விலைச்சீட்டும் அணிந்திருந்தார். கடைக்காரர்கள் பொம்மைகளை இப்போது இவ்வளவு உயிரோட்டமாகச் செய்கிறார்கள்.

நான் உடனே ஒரு புடவையின் விலை அநியாயம் என்று சத்தமாகச் சண்டை போட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதன் பிறகு ஆசீர் யாருக்கும் முதலில் வணக்கம் சொல்லவில்லை. எதிராளி பேசும்வரை காத்திருந்து, குரலைக் கேட்டபின் மலர்ந்து சிரிக்கிறார். மரியாதையான பழக்கம்.

ஜனவரி 20, செவ்வாய்

பழகுநர் உரிமம் கிடைத்தது! கணினியில் சாலைச் சின்னங்கள் பற்றிய கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். இந்தச் சின்னங்களில் ஒன்றைக்கூட நம் ஊர்ச் சாலையில் பார்த்ததில்லை என்பதால் குழப்பம் எதுவும் ஏற்படவில்லை.

வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். கேசரி கிண்டினேன்.

"என்ன விசேஷம்?" என்றார் ஆசீர்.

"ரவை பழசாகுது."

"சங்கத்துல என்ன, நடவு நடுதியளா? செருப்பெல்லாம் செம்மண்ணு."

"எப்படித் தெரியும்?"

"கூட்டும்போது காலுல நறநறங்குது."

மேற்கொண்டு எந்தப் பாட்டுப் பழகுகிறோம் என்று அவர் கேட்கவில்லை. கேசரியை இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 27, செவ்வாய்

எட்டு போடத் தொடங்கியாயிற்று. சோதனை நாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். நம் சாலைகளில் எட்டாகப் போக வேண்டிய தேவை எனக்கு நேர்ந்ததில்லை. நேராகப் போவதே பெரும்பாடு. ஆனால் அரசாங்கம் நம்மைவிடத் தொலைநோக்கு உள்ளது.

செல்வக்கனி சுண்ணாம்புப் பொடியால் பெரிய எட்டு வரைந்தார். நான் அதை மூன்றாக்கினேன், பூஜ்யமாக்கினேன், ஒருமுறை பெயர் இல்லாத ஏதோ ஒன்றாக ஆக்கினேன்.

"கோட்டப் பாக்காதியக்கா! சக்கரத்தயும் பாக்காதிய! எங்க போணுமோ அங்க பாருங்க. கண்ணு எங்க போவுதோ வண்டி அங்கதான் போவும்."

வீட்டுக்கு வந்து, ஆசீருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். இப்போது தினமும் நான்தான் வாசிக்கிறேன். குரல் விஷயம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து திரும்பும் வழியில், வலதுபக்கச் சந்திலிருந்து ஒரு சிறுமி சைக்கிளில் வந்தாள். வகுப்பு தொடங்கியதிலிருந்து எனக்கு வலதுபக்கமும் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. அதனால் பார்த்தேன். கத்தினேன். அதன் பிறகுதான் பிரேக் பிடித்தது.

இடிக்கவில்லை. அவள் பயத்தில் தானே விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, "கண்ணு தெரியலயா தாத்தா?" என்று கேட்டாள்.

சாலையில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்விதான். யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. ஆசீர் குனிந்து அவள் சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தார். 

வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். பெட்ரோல் இருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

காரணத்தை எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டிலிருந்து அவருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் மங்கினால் முன்னாலும் சரியாகத் தெரியவில்லை. அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் முழு ஒற்றுமை.

நூலகத்தில் மருத்துவ அலமாரியில் கண்ணைப் பற்றிய ஒரு புத்தகத்தை மத்தியானம் முழுவதும் வாசித்தேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் இப்படித்தான் ஓரங்களிலிருந்து பார்வை போகும் என்று போட்டிருந்தது. போனது திரும்பாது. சீக்கிரம் சொட்டு மருந்து தொடங்கினால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

சாயங்காலம் கேட்டுவிட்டேன். "கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ போய்ட்டு வருவமா?"

"எதுக்கு? அங்க கூட்டம் கிடக்கும்."

"ஆட்டோல போயிருவோம்."

"வீட்ல வண்டி நிக்கும்போது ஆட்டோவா? ஊர்ல என்ன நினைப்பான்?"

"அப்ப வண்டியிலயே போவோம்."

 அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பால்துரை அண்ணன் மகன் தன் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது.

"அவன்ட்ட லைசன்ஸ் கிடையாது. தெரியுமா உனக்கு? பின்னால ஏறுதாளே, அவளச் சொல்லணும். லைசன்ஸ் இல்லாதவங்க பின்னால நான்லாம் ஏறவே மாட்டேன்." பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே, "லைசன்ஸ் இருந்தா அது வேற," என்றார்.

இதை நான் இரண்டு முறை எழுதிப் பார்க்கிறேன். லைசன்ஸ் இருந்தா அது வேற. எனக்குத் தூக்கம் வரவில்லை. உற்சாகத்தில்தான்.

பிப்ரவரி 11, புதன்

இப்போது தினமும் மைதானம். செல்வக்கனி, "என்னக்கா, பரீட்சைக்கு முன்னால பிள்ளைக படிக்க மாதிரி இறங்கிட்டிய," என்றார். பத்தில் ஆறு எட்டு நன்றாக வருகிறது. மற்ற நான்கை எட்டின் உறவினர்கள் எனலாம்.

அந்தச் சிறுமி விழுந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆசீர் வண்டியை ஓட்டவில்லை. முதல் வாரம் பேட்டரி சரியில்லை. இந்த வாரம் முழங்கால். ஆனால் தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் வண்டியைத் துடைத்து, ஒருமுறை பட்டனை அழுத்தி, ஓடுகிறதா என்று பார்த்து அணைக்கிறார். சரியில்லாத பேட்டரி ஒவ்வொரு நாளும் ஒரே அழுத்தலில் கிளம்புகிறது.

பிப்ரவரி 18, புதன்

லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிட்டது. சபையில் சிலர் கறி விட்டார்கள், சிலர் காபி, போதகர் இனிப்பு. ஆராதனைக்கு இந்த வாரமும் ஏன் நடந்தே வருகிறீர்கள் என்று பால்துரை அண்ணன் கேட்டார்.

"லெந்துக்கு வண்டிய விட்டுருக்கேன் வே," என்றார் ஆசீர்.

பால்துரை அண்ணன் மிகவும் நெகிழ்ந்துபோனார். வீட்டுக்கு வந்து ஆசீர் கறிக்குழம்பு கேட்டார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இல்லை.

சோதனையில் கால் ஊன்றிவிட்டேன். முதல் வளைவு பிரமாதம். இரண்டாவது வளைவில் கோட்டைப் பார்த்தேன். கால் என்னிடம் கேட்காமலே இறங்கியது.

"நல்லாத்தாம்மா ஓட்டுதிய. கால் ஊணப்பிடாதுல்லா," என்றார் ஆய்வாளர். கண்ணியமான மனிதர். "அடுத்த வாரம் வாங்க."

"இன்னொரு தடவை இப்பவே ஓட்டிக் காட்டட்டுமா சார்? அவசரம்."

"லைசன்ஸ்ல என்னம்மா அவசரம்?"

 வழியில் செல்வக்கனி இளநீர் வாங்கிக் கொடுத்தார். "அழாதியக்கா. நான் மூணு தடவ ஊணுனேன். இப்ப எனக்கு ஸ்கூலே இருக்கு."

நான் அழவில்லை. ஒரு வாரம் என்பது அந்தப் புத்தகத்தின் கணக்கில் எவ்வளவு பார்வை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஆசீர் டீ போட்டு வைத்திருந்தார். கொஞ்சம் டம்ளரிலும் மீதி மேடையிலும். தொலைக்காட்சியில் கிரிக்கெட். என் காலடி ஓசையைக் கேட்டதும், தொலைக்காட்சியிடம் சொன்னார்: "முதல் இன்னிங்ஸ்ல அவுட்டானா என்ன? ரெண்டாவது இருக்குல்லா. இவ்வளவு தூரம் ஆடினவனுக்கு அது ஒரு கஷ்டமா?"

ஒருநாள் ஆட்டம் அது. இரண்டாவது இன்னிங்ஸ் கிடையாது. அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

டீயைக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார், உப்பு அல்ல. சரியாகவே போட்டிருந்தார்.

மார்ச் 3, செவ்வாய்

ஆம்.

எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தேன், மைதானத்தில் அது இல்லாவிட்டாலும். எட்டு தானாக வந்தது. ஆய்வாளர், "போன வாரம் வந்த அம்மாவா இது?" என்றார். செல்வக்கனி வேலிக்கு அப்பால் நின்று விசிலடித்தார், அரசு அலுவலகம் என்பதையும் மறந்து.

ஊக்கப் பேச்சாளரே, ஆம்! ஆம்!

வீட்டுக்கு வந்து மேசையில் கைப்பையை வைத்தேன். "பாஸாயிட்டேன்," என்றேன். என்ன பரீட்சை என்று சொல்லவில்லை.

"பாட்டுலயா?" என்றார் ஆசீர்.

"ஆமா."

"நாளைக்கு நீ லீவு போடுவியா?"

"போட்டுட்டேன்."

"சரி. நேரத்தோட எந்திரி. அங்க கூட்டம் கிடக்கும்."

மார்ச் 4, புதன்

நான் எழுந்தபோது அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நின்றார். வண்டியைத் தெருவில் தள்ளி, போக வேண்டிய திசையில் திருப்பி நிறுத்தியிருந்தார். சாவியை என்னிடம் நீட்டினார். கொஞ்சம் இடப்பக்கமாக நீட்டினார். நான் அங்கே போய் வாங்கிக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்து வண்டியின் பக்கக் கண்ணாடிகளைச் சரிசெய்யக் கை வைத்தேன். சரிசெய்ய ஒன்றும் இல்லை. ஆசீர் என்னைவிட ஒரு சாண் உயரம். ஆனால் இரண்டு கண்ணாடிகளிலும் என் உயரத்துக்கு, எனக்குப் பின்னால் இருக்கும் தெரு அளவெடுத்ததுபோல் தெரிந்தது. அடியில் இருக்கும் நட்டுகளைப் பார்த்தேன். ஸ்பானர் பட்ட இடத்தில் தூசி படிந்து, அந்தத் தூசியும் பழையதாகியிருந்தது.

"இத எப்ப திருப்புனீங்க?"

"அந்தப் பிள்ள விழுந்துச்சுல்லா. அன்னைக்கு."

"அன்னைக்கு நான் எட்டே ஒழுங்காப் போடல."

"போட்டுருவன்னு தெரியும். வண்டி பழகுத மைதானத்துச் செம்மண்ணு செருப்புல கூடிக்கிட்டே வந்துச்சுல்லா." பின்னால் ஏறினார். ஏறியதும் தடுமாறினார். "ஏட்டி, இதுல எங்க பிடிக்கணும்?"

"இருபத்தேழு வருஷமா நான் எங்க பிடிச்சேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னாலல்லா பாத்துக்கிட்டிருந்தேன்."

என் தோளில் கையை வைக்கச் சொன்னேன். வைத்தார். கிளம்பினோம்.

வழி முழுவதும் அவர் பேசிக்கொண்டே வந்தார். "இப்ப வேகத்தடை வரும்... வந்துட்டா? அடுத்தாப்ல டிரான்ஸ்பார்மர், அது நான் வச்சது... இடதுபக்கம் ஒரு பள்ளம், பாத்து." பள்ளத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். ஆனாலும் நான் ஒதுங்கிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் கிடந்தது. மருத்துவர் சின்னப் பெண். என்னென்னவோ கருவிகளில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். புத்தகம் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், ஆனால் நல்ல செய்தியை முதலில் சொன்னார். நடுவில் இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. இன்னும் சில மாதம் தள்ளியிருந்தால் இப்படிச் சொல்ல முடிந்திருக்காது என்றார்.

"வண்டி ஓட்டக்கூடாது சார்."

"விட்டுட்டேன் டாக்டர்."

"எப்படி வந்தீங்க? கூட யாரு?"

"டிரைவரோட வந்தேன்," என்றார் ஆசீர்.

இரவு சொட்டு மருந்து விடும்போது கேட்டேன். "புது வருஷத்துக்கு அந்த ஒரு நிமிஷம் கண்ண மூடினப்போ நீங்க என்ன தீர்மானம் எடுத்தீங்க?"

"தூங்கிட்டேன்," என்றார். கண்ணை மூடியபடி, மருந்து கன்னத்தில் வழிய.

மார்ச் 8, ஞாயிறு

கோவிலுக்கு வண்டியில் போனோம். தெருமுனை வரை சேலை முந்தானையைச் செருக மறந்து, நிறுத்திச் செருகி, மறுபடி கிளம்பினேன். கோவில் வாசலில் ஏற்றம். தயங்காமல் ஏறினேன். சபை முழுவதும் படிக்கட்டில் நின்று பார்த்தது. கிறிஸ்துமஸ் பவனிக்குக்கூட இவ்வளவு கவனம் இருக்காது.

வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஆசீர் இறங்கினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன ஆசீர், லெந்துக்கு வண்டிய விட்டுருக்கேன்னீரே! இப்ப பொண்டாட்டி பின்னால தொத்திக்கிட்டு வாரீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆசீரும் சிரிப்பார், சிரித்துவிட்டுக் குரலுக்குரிய திசையில் கையை ஆட்டுவார், முகம் தெரிந்தவர்போல் நடந்து உள்ளே போவார் என்று காத்திருந்தேன். ஏழு மாதமாக அப்படித்தான் செய்கிறார்.

அவர் நின்றார். தலையை நன்றாகத் திருப்பினார்.

"அது பால்துரைல்லா? குரல வச்சுச் சொல்லுதேன் வே. முகம் தெரியல. எனக்கு இப்பல்லாம் பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. கிட்ட வாரும்."

சிரிப்பு நின்றது. பால்துரை அண்ணன் படியிறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.  

"மணலுக்கு நான் ஏசினதுக்கு ஒண்ணும் நினைச்சுக்கிடாதேயும்," என்றார் ஆசீர். "ஆனாலும் ரோட்ல தட்டினது தப்புதான்."

நான் வண்டியை நிறுத்திப் பூட்டினேன். நிறுத்திய இடம் போதகருடைய இடம் என்று பிறகு தெரிந்தது.

என் கணவர் இந்த ஆண்டுக்கு என்ன தீர்மானம் எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. ஆனாலும் அதற்கு நேராகவும் 'ஆம்' என்று எழுதிவைக்கிறேன்.